எட்டுப் பத்து பஸ் முழுக்கக் கேட்ட பசி

பெருமதிப்புக்குரிய தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. நான் நலம். உன் நலத்தை அறிய எனக்கு ஆவல் ஒன்றும் இல்லை; ஆனாலும் கடிதம் என்று எடுத்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் கேட்டுவிட்டேன், நீயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். உன் பெண்டாட்டி நலமாக இருக்க வேண்டும், அவளோடு எனக்குச் சண்டை இல்லை. உன் கடையில் இருக்கும் எடை மெஷின்களும் ஒரு கிராம் கூடாமல் குறையாமல் நலமாக இருக்கட்டும். உன்னோடு இனிப் பேசமாட்டேன் என்றுதான் எட்டு மாசத்துக்கு முன்னால் சபதம் போட்டேனே தவிர, எழுதமாட்டேன் என்று போடவில்லை. அதனால் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்துச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். இதை எழுத வைத்தது நான் ஓட்டுகிற காலை எட்டுப் பத்து பஸ்ஸில் தினமும் ஏறுகிற நாற்பது பேர். வரும் வெள்ளிக்கிழமைக்குள் நீ எனக்கு ஒரு பதில் போட்டாக வேண்டும். போடாவிட்டால் திங்கட்கிழமை என் ஸ்டியரிங் என் கையை விட்டுப் போய்விடும். உன் பதிலுக்கும் என் ஸ்டியரிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். உட்கார்ந்து படி, சொல்கிறேன்.

முதலில் சண்டையைச் சொல்லிவிடுகிறேன், நீ மறந்திருப்பாய். மறக்கிற வசதி சொன்னவனுக்கு உண்டு, கேட்டவளுக்குக் கிடையாது. எடை மெஷின் ரிப்பேர் கடையைச் சொந்தமாகத் திறந்தாய், சந்தோஷம், கேக் வெட்டினாய், அதுவும் சந்தோஷம், உறவும் தெருவும் கூடி நிற்கிற இடத்தில் நான் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினேன், நீ அந்தக் கையைப் பார்த்து, சின்னக் குரலில்கூட இல்லை, கடைசி வரிசை வரை கேட்கிற குரலில், "போதும்க்கா" என்றாய். சித்தி தட்டைக் கீழே வைத்தாள். என்னைக் கட்டின புருஷன், உன் மாமா, அவசரமாகத் திரும்பி, சுவரோரம் இருந்த தராசை வாங்கப் போகிறவர் மாதிரி ஆராய ஆரம்பித்தார். நான் தட்டை வைத்துவிட்டு வெளியே நடந்தேன், அந்தக் கோபத்தில் பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர்த் திசையில் நடந்தேன். இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டுகிறவளுக்குப் பஸ் ஸ்டாப் எங்கே என்று தெரியாமல் போனது அன்று ஒருநாள்தான்.

அன்றைக்கு ஆரம்பித்தது. நீ போதும் என்றாய் இல்லையா, போதாது என்று காட்டுகிறேன் பார் என்று தின்ன ஆரம்பித்தேன். நீ இல்லாத இடத்தில் தின்று உனக்கு என்னத்தைக் காட்ட முடியும் என்று அப்போது தோன்றவில்லை. டிரைவர் சீட் பக்கத்துச் சின்னப் பெட்டியில் பிஸ்கட், மூன்றாவது ஸ்டாப்பில் வேர்க்கடலை, கடைசி ஸ்டாப்பில் வண்டியைத் திருப்புவதற்குள் இரண்டு பன். கோபம் வந்தால் உப்பு, வருத்தம் வந்தால் இனிப்பு, இரண்டும் வராத நாளில் சும்மா கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா என்று இரண்டும். ஐந்து மாசத்தில் ஒன்பது கிலோ ஏறினேன். சிக்னலில் வலது பக்கம் வண்டியைத் திருப்பும்போது வயிறு ஸ்டியரிங்கில் போய் முட்டி ஹாரன் தானாக அடிக்க ஆரம்பித்தது. இடது பக்கம் திரும்பினால் அடிக்காது, வலது பக்கம் மட்டும்தான், அதற்கு என்ன காரணம் என்று பணிமனை மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, ஒயரையெல்லாம் மாற்றிப் பார்த்து, கடைசியில் எழுந்து என்னைப் பார்த்தார். ஸ்பேனரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார், மரியாதை தெரிந்த மனுஷன். ஆனால் அந்தத் திருப்பத்தில் குடியிருக்கிறவர்களுக்கு அவ்வளவு மரியாதை போதவில்லை. தினமும் காலையில் எங்கள் ஜன்னலுக்குக் கீழே காரணமே இல்லாமல் ஹாரன் அடிக்கிறாள் ஒரு டிரைவர் என்று மனு கொடுத்துவிட்டார்கள்.

மனு பணிமனை டாக்டரிடம் போனது. அவர் என்னை மெஷினில் ஏற்றினார், இறக்கினார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஏற்றினார். "மூணு மாசம் டைம் தர்றேன். ஆறு கிலோ இறங்கணும். இறங்கலைன்னா உங்கள சீட்லேர்ந்து எடுத்துட்டு தவறிய பொருள் கவுண்டர்ல போட்டுடுவாங்க" என்றார். தவறிய பொருள் கவுண்டர் என்றால் என்ன தெரியுமா? பஸ்ஸில் ஆட்கள் விட்டுவிட்டுப் போன குடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, அதைத் தேடி யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருப்பது. யாரும் வருவதில்லை. எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதான், நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போய் நேரத்துக்கு இறக்கிவிடுவது, அதில் எனக்கு இன்றைக்கும் முதல் நாள் மாதிரியே சந்தோஷம். அதைப் பிடுங்கிவிடுவார்கள் என்றதும் எனக்கு அழுகை வந்தது, அழுகை வந்ததும் என்ன வரும் என்று உனக்குத் தெரியும், வீடு போய்ச் சேர்வதற்குள் ஒரு முழு ரொட்டி காலி.

டாக்டர் ஒரு டயட்டீஷியனிடம் அனுப்பினார். குச்சி மாதிரி ஒரு பெண். இவள் எங்கே பசியைக் கண்டாள் என்று உள்ளே போகும்போதே எனக்கு எரிச்சல். வெள்ளரிக்காய் சாப்பிடு, சோற்றைக் குறை, நட என்று சொல்வாள் என்று பார்த்தால் அதையெல்லாம் ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டு, "நீங்க பசிச்சு சாப்பிடறீங்களா, மனசு கேட்டு சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை என்றேன். "அடுத்த தடவை கை பிஸ்கட்டுக்குப் போகும்போது நிறுத்துங்க. எனக்கு இப்ப பசியா, கோபமா, வருத்தமா, பயமான்னு கேளுங்க. பதில வாய்விட்டு சத்தமா சொல்லுங்க. வாய் ஒரு நேரத்துல ஒரு வேலைதான் செய்யும், இல்லையா? பேசினா திங்க முடியாது" என்றாள். இதற்குப் படிப்பு வேறு படித்திருக்கிறாள். ஆனாலும் குடைகள் கண் முன்னால் வந்து நின்றதால் சரி என்றேன். வீட்டில் சொல்லிப் பார்த்தேன். "எனக்குப் பசியில்லை, எனக்கு உங்க மேல கோபம், அன்னிக்கு கடையில வாயத் திறக்காம தராசப் பாத்துக்கிட்டு நின்னீங்க" என்று உன் மாமாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். அவர் பயந்துபோய் பிஸ்கட் டப்பாவை அவரே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். முதல் இரண்டு வாரத்தில் அரைக் கிலோ ஏறியதுதான் மிச்சம்.

சரி, வீட்டில் வேண்டாம், பஸ்ஸில் தனியாக இருக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று தீர்மானித்தேன். டிரைவர் அறைக்குக் கண்ணாடிக் கதவு இருக்கிறது, சாத்திக்கொண்டால் யாருக்குக் கேட்கப் போகிறது? இதில் நான் யோசிக்காதது ஒன்று. எங்கள் பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பின் பெயரைச் சொல்ல டிரைவருக்கு ஒரு மைக் உண்டு, பட்டனை அமுக்கிப் பேசி, விட்டால் நின்றுவிடும். அந்தப் பட்டனுக்கு அடியில் ஐந்து மாசமாக நான் தின்ற பிஸ்கட்டின் தூள் போய் அடைத்துக்கொண்டு, அமுக்கினது அமுக்கினபடியே நின்றுவிட்டிருக்கிறது. பாலத்துக்கு முன்னால் சிக்னல் விழுந்தது. கை தானாக பிஸ்கட் பெட்டிக்குப் போனது. நிறுத்தினேன். நல்ல பிள்ளையாகச் சொன்னேன்: "எனக்கு இப்ப பசியில்லை. எனக்கு என் தம்பி மேல கோபம். மூணே மூணு துண்டு கேக்குக்கு ஊர் பாக்க 'போதும்க்கா'ங்கறான். நாலு வயசுல இந்தப் படுபாவி மண்ணத் தின்னப்போ வாய்க்குள்ள விரல விட்டு எடுத்தவ நானு. ஒரு நாளாவது எல்லார் முன்னாடியும் போதும்டான்னு சொல்லியிருப்பனா? இனிமே அவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன். அவன் போன் பண்ணா எடுக்க மாட்டேன். ஏன் பண்ணவே மாட்டேங்கறான்?"

"அவர் மேலதாம்மா தப்பு!" என்று ஒரு கனத்த குரல் வந்தது.

என் மனசாட்சிக்கு ஆம்பளைக் குரல் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனாலும் நியாயமாகப் பேசுகிறதே என்று, "அப்படிச் சொல்லுங்க" என்றேன். உடனே இன்னொரு குரல், இது பெண் குரல், "அவசரப்படாதீங்க, ரெண்டு பக்கமும் கேட்டாத்தான் தெரியும்" என்றது. அப்போதுதான் கண்ணாடியில் பார்த்தேன். நாற்பது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி சீட்டில் எழுந்து நின்றவர், நாங்கள் சோபாக்காரர் என்று சொல்கிறவர், வீடு மாறுகிறவர்களுக்குச் சாமான் தூக்குகிற வேலை, தனி ஆளாக ஒரு அலமாரியை நாலு மாடி ஏற்றுவார். ரெண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்றது முதல் சீட் கணக்கு டீச்சர், ரிட்டயர் ஆனவர், சும்மா இருக்கப் பிடிக்காமல் தினமும் ஏறுகிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று, வண்டியோடு பாலத்துக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது. ஆனால் பச்சை விழுந்துவிட்டது, ஓட்டினேன்.

இறங்கும்போது எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சோபாக்காரர் ஜன்னல் பக்கம் வந்து, "எனக்கும் அதே வியாதிதாம்மா. முதலாளி திட்டினா சிப்ஸ். ஒரு திட்டுக்கு ஒரு பாக்கெட்" என்றார். அவ்வளவு பெரிய உடம்பு, சொல்லும்போது சின்னப் பிள்ளை மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் காலையில் டீச்சர் ஏறும்போதே, "இன்னிக்கு எப்படி, பசியா கோபமா?" என்று கேட்டார். அதிலிருந்து எங்கள் பஸ்ஸில் அதுவே பழக்கமாகிவிட்டது. பட்டனை நான் ரிப்பேருக்குக் கொடுக்கவில்லை. சிக்னல் விழுந்தால் நான் சொல்வேன், அடுத்த சிக்னலில் வேறு யாராவது எழுந்து நின்று சொல்வார்கள், மாமியார் வந்திருக்கிறாள் அதனால் ஒரு டப்பா ஐஸ்கிரீம், பரீட்சை ரிசல்ட் வரப்போகிறது அதனால் ஐந்து முட்டை என்று. டீச்சர் ஒரு நாள், வீட்டில் பேச ஆளில்லாத சாயங்காலங்களில் டப்பாவோடு ஜாம் தின்பதாகச் சொன்னார், கரண்டிகூட இல்லாமல். பஸ்ஸே கைதட்டியது. இவ்வளவு பேர் வாய்விட்டுச் சிரிக்கிற பஸ்ஸை நான் இருபத்திரண்டு வருஷத்தில் ஓட்டியதில்லை. உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய், ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்க வேண்டியவர்கள்கூடக் கதை முடியட்டும் என்று இறங்காமல் வந்தார்கள். ஆறு வாரத்தில் ஏழு கிலோ இறங்கினேன். நீ என் கல்யாண நாளுக்குக் கொடுத்த எடை மெஷினைத்தான் அலமாரிக்கு அடியிலிருந்து இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தேன். உன் கையால் சரிபார்த்த மெஷின் உன் பக்கம்தான் பேசும் என்று முதலில் அதை நம்பவில்லை, பிறகு எண் குறையக் குறைய நம்பிக்கை வந்துவிட்டது. ஹாரன் நின்றது. மனு கொடுத்த வீட்டு அம்மா ஜன்னலிலிருந்து கைகூட ஆட்டினாள்.

இங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் டீச்சர் கணக்கு டீச்சர் ஆயிற்றே, விடை வரும்வரை விடமாட்டார். "நீ தினமும் சொல்ற எல்லாக் கோபமும் அந்தத் தம்பிகிட்டயே போய் முடியுது. அவனுக்கு ஒரு லெட்டர் போட்டுடு, வியாதி வேரோட போயிடும்" என்றார். நாற்பது பேரும் போடு போடு என்றார்கள். அந்த உற்சாகத்தில் நானும் சரி என்றேன். மறுநாள் "போட்டியா?" என்று கேட்டார். எழுத உட்கார்ந்தேன், "அன்புள்ள" என்பதற்கு மேல் போகவில்லை, அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. "போட்டுட்டேன் டீச்சர்" என்றேன். பஸ்ஸே கைதட்டியது, அந்தக் கைதட்டலுக்கு நடுவில் இல்லை என்று எப்படிச் சொல்வது?

பொய் சொன்னால் பதில் வருமா? தினமும் காலையில் டீச்சர் ஏறுவார், "பதில் வந்துதா?" "இல்ல டீச்சர்." முதல் வாரம், தபால் தாமதமாகியிருக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். இரண்டாவது வாரம், என்ன மனுஷன் இவன் என்று ஆரம்பித்தார்கள். மூன்றாவது வாரத்தில் உன் பெயர் இந்த வழித்தடத்தில் கெட்டுப்போய்விட்டது தம்பி. எங்கள் பஸ்ஸில் முதல்முறையாக ஏறி, தப்பான பஸ் என்று தெரிந்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிய ஒரு அம்மாகூட அதற்குள் உன்னை இரண்டு வார்த்தை திட்டிவிட்டுத்தான் இறங்கினாள். டீச்சர் உனக்கு ஒரு பொதுக் கடிதம் எழுதி, சீட்டுக்குச் சீட்டு அனுப்பி முப்பத்தோரு கையெழுத்து வாங்கிவிட்டார். சோபாக்காரர் உன் கடை விலாசம் கேட்கிறார், "சும்மா போய்ப் பேசிட்டு வரலாம்னுதான்" என்கிறார். நேற்று ஒருவர் "கல்நெஞ்சக்காரன், அக்கா அருமை தெரியாதவன்" என்றார். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். "என் தம்பிய யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அவன் எப்படிப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியாது. அவனே சொந்தமா படிச்சு, ஒத்த ஆளா கடை வெச்சவன். சொன்னா எறங்கிக்குங்க" என்றேன். மைக் வேறு திறந்தே இருந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும். பஸ்ஸில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், இவ்வளவு பாசமான அக்காவுக்குப் பதில் போடாமல் இருக்கிறானே என்று. அன்றைக்குக் கடைசி ஸ்டாப்பில் மூன்று பன் தின்றேன். பசியில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் வாயில் பன்னை வைத்து அடைத்தேன், அவ்வளவுதான்.

இந்த மூன்று வாரத்தில் ஒரு கிலோ திரும்பி வந்துவிட்டது. ஆறு இறங்க வேண்டும், இப்போது ஐந்தரையில் நிற்கிறேன். இடிக்கிற அந்த அரைக் கிலோ நீதான். திங்கட்கிழமை டாக்டர் மெஷினில் ஏற்றுவார். இன்று சாயங்காலம் உன் மாமா, ஃபிரிட்ஜ் மேல் மூன்று வாரமாக ஒட்டாமல் கிடக்கும், உன் விலாசம் எழுதிய கவரைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ரொட்டிய வெச்சிட்டு பேனாவ எடு" என்றார். அந்த மனுஷன் வாயைத் திறந்து உருப்படியாகச் சொன்ன வார்த்தை இது ஒன்றுதான், அதனால் எடுத்தேன்.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. இந்தக் கடிதம் கிடைத்த உடனே ஒரு பதில் எழுது. வார்த்தையை மாற்றாதே: "அக்கா, தப்பு என் மேல்தான். அன்றைக்கு நான் சொன்னது பெரிய தவறு. நீ எத்தனை துண்டு வேண்டுமானாலும் சாப்பிட்டிருக்கலாம்." கீழே கையெழுத்தைப் பெரிதாகப் போடு, பஸ்ஸில் உயர்த்திக் காட்டினால் கடைசி சீட் வரை தெரிய வேண்டும். தேதியை மட்டும் மூன்று வாரம் முன்னால் போட்டுவிடு, பழியைத் தபால் மேல் போட்டுக்கொள்ளலாம். நீ மன்னிப்புக் கேட்காமல் உன் வாசலை நான் மிதிக்கமாட்டேன், இதில் பேச்சு வார்த்தைக்கு இடமில்லை. அக்காவின் வேலை உன் கையில் இருக்கிறது, யோசித்து நட.

நீயும் உன் குடும்பமும் நீடூழி வாழ வேண்டும் என்று மனசார ஆசீர்வதிக்க முடியாதபடி எனக்குள் இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது. அதனால் ஆசீர்வாதம் முழுவதையும் உன் பெண்டாட்டிக்கே அனுப்புகிறேன். அவள் எடுத்துக்கொண்டது போக மீதியை நீ வைத்துக்கொள்.

இப்படிக்கு,
நியாயம் தன் பக்கம் இருக்கிற
உன் ஒரே அக்கா

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன்னால் உன் மாமா இதைப் படித்தார். எல்லாம் படித்துவிட்டு, "மூணாவது துண்டா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போய்விட்டார். மூன்றாவது இல்லைடா. ஐந்தாவது. அதுவும் கேக் தட்டிலிருந்து இல்லை, உன் தட்டிலிருந்து. காலையிலிருந்து வந்தவர்களைக் கவனித்துக்கொண்டு நீ ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் நின்றாய், உன் பெண்டாட்டி உனக்கென்று எடுத்து வைத்த துண்டு அது, எல்லாம் தெரிந்தேதான் கை நீட்டினேன். இப்போது பேனாவை வைத்துவிட்டு அந்தக் குச்சிப் பெண் சொன்ன மாதிரி சத்தமாகக் கேட்டுப் பார்த்தேன், அன்றைக்கு எனக்கு என்ன, பசியா, கோபமா என்று. பயம்டா. நீ பெரிய மனுஷனாகிவிட்டாய், இனிமேல் ஒன்றுக்கும் அக்காவைத் தேடமாட்டாய் என்று பயம். அதைச் சொல்லத் தெரியாமல் உன் கேக்கைத் தின்றேன். தப்பு என்னோடதுதான், மன்னிச்சுடு. பதிலெல்லாம் எழுதாதே, தேதியும் மாற்றாதே. நாளைக் காலையில் மைக்கில் நானே நாற்பது பேரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சோபாக்காரருக்குக் கோபம் வந்தால் என்னைத் தூக்கிக்கொண்டு போகட்டும், முன்னைக்கு இப்போது தூக்குவது சுலபம். திங்கட்கிழமை டாக்டர் என்ன சொன்னாலும் சரி, அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமையே நான் உன் வீட்டுக்கு வருகிறேன். கேக் வாங்கி வை. முதல் துண்டை என் கண் முன்னால் நீ சாப்பிட வேண்டும், அப்புறம் எனக்கு ஒன்று. அதற்கு மேல் என் கை நீண்டால், யார் இருந்தாலும் பார்க்காதே, கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி "போதும்க்கா" என்று சொல். என்னை அப்படிச் சொல்ல எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?